1950களின் ஹாலிவுட் படங்களை வட்டில் மீண்டும் பார்க்கும்போது: எந்தச் சட்டகம், எந்த வண்ணம், எந்தப் பிரதி?

ஒளிக்கற்றை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். 1950களின் ஹாலிவுட் படங்களை புளூ-ரே, 4கே வட்டுகளில் மீண்டும் பார்த்து வருபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தப் படங்களின் கதை, நடிப்பு, இயக்கம் பற்றியெல்லாம் நிறையப் பேசிவிட்டோம். ஆனால் நம் வீட்டுத் திரையில் ஓடுவது அன்று கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் உருவாக்கிய படம்தானா, அல்லது பின்னாளில் யாரோ எடுத்த முடிவுகளின் விளைவா என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்த இழையை அதற்காகவே தொடங்குகிறேன்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய ‘ஷேன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் 1951இல் படமாக்கப்பட்டு, நீண்ட படத்தொகுப்புக்குப் பிறகு 1953இல்தான் அது வெளிவந்தது. படம்பிடித்தபோது ஹாலிவுட்டின் சட்டகம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டியிருந்தது, உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலம். வெளியாகும் நேரத்திலோ நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்து அரங்குகளின் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்ததால், வீட்டில் கிடைக்காத அகலமான படத்தைக் காட்டி மக்களை மறுபடி வரவழைக்க ஸ்டுடியோக்கள் முனைந்தன. பாரமவுண்ட் நிறுவனம் தன் கைவசம் தயாராக இருந்த ‘ஷேன்’ படத்தை மேலும் கீழும் மறைத்து, 1.66 விகிதத்தில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் திரையிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒளிப்பதிவாளர் லாயல் கிரிக்ஸ் பதிவு செய்த உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் திரைக்கு வரவில்லை. அவருக்கு ஆஸ்கார் பெற்றுத்தந்த ஒளிப்பதிவு அது.

தொடக்கக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிறுவன் ஜோயி நீர்க்கரையில் நிற்கும் மானைத் துப்பாக்கியால் குறிபார்க்கிறான். மான் தலையைத் தூக்கும்போது, தொலைவில் குதிரைமேல் வரும் ஷேன் அதன் கொம்புகளுக்கு நடுவே தெரிகிறான். அவனுக்குப் பின்னால் டீட்டன் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கொம்பு, மனிதன், மலை ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட காட்சி அது. உயரத்தில் கை வைத்தால் அதன் அமைப்பே குலையும்.

2013இல் இந்தப் படத்தின் புளூ-ரே 1.66 விகிதத்தில் வரப்போகிறது என்ற செய்தி வெளியானதும், பழைய படங்களின் அன்பர்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் 1.37 விகிதத்திலேயே வட்டு வந்தது. படம்பிடித்தவர் எந்தச் சட்டகத்தை மனத்தில் வைத்துப் படம்பிடித்தாரோ அதுவே படம் என்பது என் நிலைப்பாடு. மற்றவர்களின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

கோட்டையூரான்

ஒளிக்கற்றை ஐயா, அருமையான தொடக்கம். ஆனால் உங்கள் முடிவை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1953இல் ரேடியோ சிட்டியில் அமர்ந்து பார்த்த மக்கள் கண்டது 1.66 விகிதத்துப் படத்தைத்தானே? ஒரு படம் பார்வையாளர்முன் முதன்முதலில் எப்படி வைக்கப்பட்டதோ அதுவும் வரலாறுதான். ஒளிப்பதிவாளரின் மனத்தில் இருந்ததை மட்டும் மூலம் என்று கொண்டாடி, வெளியான வடிவத்தைத் தள்ளிவிட்டால், அன்றைய மக்கள் எதைப் பார்த்து வியந்தார்கள் என்பதை நாம் எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று. 1953இன் நடுப்பகுதிக்குப் பிறகு எடுக்கப்பட்ட ஏராளமான படங்களில், ஒளிப்பதிவாளர்கள் அகலத் திரைக்காகத் திட்டமிட்டுப் படம்பிடித்தாலும், நெகட்டிவில் மேலும் கீழும் கூடுதல் இடம் விட்டே பதிவு செய்தார்கள். பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வி.எச்.எஸ். நாடாவுக்கும் அந்தக் கூடுதல் இடத்தையும் சேர்த்துத் திறந்து காட்டினார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள், சரியான விகிதத்தில் வந்த வட்டைப் பார்த்துவிட்டு, படத்தை வெட்டிவிட்டார்கள் என்று குறைப்படுகிறார்கள். எனவே நெகட்டிவில் இருப்பதெல்லாம் படம் என்றும் சொல்லிவிட முடியாது.

ஈரோட்டு வாசகி

கோட்டையூரார் சொல்லும் இரண்டாவது கருத்து மிகவும் முக்கியமானது. 1953 வசந்த காலத்தை ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அதற்கு முன் படம்பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் 1.37, அதற்குப் பின் வந்தவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

நான் சொல்ல வந்தது சினிமாஸ்கோப் என்ற அகலத் திரை முறையைப் பற்றியது. 1953 செப்டம்பரில் ‘தி ரோப்’ படத்துடன் சினிமாஸ்கோப் வந்தபோது அதன் விகிதம் 2.55. 1959இல் எம்.ஜி.எம். எடுத்த ‘பென்-ஹர்’ அதையும் தாண்டி 2.76 வரை போனது. தொலைக்காட்சியை வெல்வதற்காக இவ்வளவு அகலமாக எடுக்கப்பட்ட படங்கள், பல ஆண்டுகள் கழித்து அதே தொலைக்காட்சிப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டன என்பதுதான் வேதனை. 1.33 விகிதத்துத் திரையை முழுவதும் நிரப்பும்படி ‘பென்-ஹர்’ படத்தை நறுக்கினால் பாதிப் படம்கூட மிஞ்சாது. யார் பேசுகிறாரோ அவர் பக்கம் சட்டகத்தை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார்கள்; கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் நமக்குக் கிடைக்காது. பழைய நாடாக்களில் இப்படங்களைப் பார்த்து, நடிப்பில் உயிரில்லை என்று முடிவுகட்டியவர்கள் தயவுசெய்து ஒருமுறை முழு அகலத்தில் பார்க்க வேண்டும். எதிர்வினை செய்யும் நடிகரின் முகம் திரும்பக் கிடைத்ததும் காட்சி வேறொன்றாக மாறிவிடுகிறது.

ஸ்டான்லி டோனன் இயக்கிய ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ (1954) இதற்குத் தனிச் சான்று. அன்று எல்லா அரங்குகளிலும் சினிமாஸ்கோப் வசதி இல்லாததால், எம்.ஜி.எம். அந்தப் படத்தைச் சினிமாஸ்கோப்பில் ஒரு தடவையும் சாதாரண லென்சில் இன்னொரு தடவையும் தனித்தனியாகப் படம்பிடித்தது. இரண்டு வடிவங்களும் வட்டில் கிடைக்கின்றன. களஞ்சியம் கட்டும் காட்சியின் நடனத்தை இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். அகலமான வடிவத்தில் நடனக்காரர்கள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு நிற்கிறார்கள். பலகைமேல் ஒருவர் குதிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் ஒரே பார்வையில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. மற்றொன்றில் நடனம் அதேதான் என்றாலும் அந்தக் கூட்டத்தின் பரப்பு சுருங்கிவிடுகிறது. என் மனம் எப்போதும் அகலமான வடிவத்தின் பக்கமே நிற்கிறது.

சாயப்பதிவு

சட்டகத்தைப் பற்றி நண்பர்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். நான் வண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் மீட்டெடுப்பின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

1950களின் தொடக்கம் வரை டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று கறுப்பு-வெள்ளைப் படச்சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடின. லென்சுக்குப் பின்னால் இருந்த பட்டகம் ஒளியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்தது. திரையிடும் பிரதி தயாரிக்கும்போது, அந்த மூன்றிலிருந்தும் அச்சுப் படலங்கள் செய்து, சாயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்தார்கள். அந்தச் சாயம் எளிதில் மங்குவதில்லை. மூல நெகட்டிவ்களும் கறுப்பு-வெள்ளை என்பதால் அவற்றிலும் மங்குவதற்கு வண்ணம் இல்லை. ஆனால் மூன்று சுருள்களும் காலப்போக்கில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அவற்றைச் சேர்க்கும்போது உருவங்களின் ஓரத்தில் வண்ணக் கோடு தெரியும். இன்றைய கணினி முறையில் மூன்றையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு சட்டகத்திலும் பொருத்திச் சரிசெய்கிறார்கள். அதனால்தான் சில டெக்னிகலர் படங்கள், அன்று அரங்கில் பார்த்தவர்களுக்குக்கூடக் கிடைக்காத கூர்மையுடன் இன்று வட்டில் வருகின்றன.

1950இல் கோடாக் நிறுவனத்தின் ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவ் வந்தது. எந்தக் கேமராவிலும் போடலாம், ஒரே சுருள் போதும், செலவும் குறைவு. 1955க்குள் ஹாலிவுட்டில் மூன்று சுருள் கேமராவின் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய படங்களின் பெயர்ப் பட்டியலில் டெக்னிகலர் என்று கண்டால், பிரதி அந்தச் சாய முறையில் அச்சானது என்றுதான் பெரும்பாலும் பொருள்; நெகட்டிவ் ஈஸ்ட்மன்கலர். அந்தக் கால ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவில் மஞ்சள் அடுக்கு முதலில் மங்குகிறது. அப்போது நிழல்கள் நீலம் பாய்ந்தும், வெளிச்சமான இடங்கள் மஞ்சள் பூத்தும் போகின்றன. வண்ணத்தைப் பொதுவாகக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. முகத்தைச் சரியாக்கினால் சுவர் கெடும், சுவரைச் சரியாக்கினால் முகம் கெடும். சில படங்களுக்கு நல்லவேளையாக அன்றே மூன்று கறுப்பு-வெள்ளைப் பாதுகாப்புப் பிரதிகள் எடுத்து வைத்தார்கள். அவை ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் இழந்த மஞ்சளை அங்கிருந்து மீட்கலாம்.

ஆகவே 1958ஆம் ஆண்டுப் படத்தைவிட 1948ஆம் ஆண்டுப் படம் வட்டில் பொலிவாகத் தெரிந்தால் வியப்படைய வேண்டாம்.

ஈரோட்டு வாசகி

சாயப்பதிவு அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) நினைவுக்கு வந்தது. அது விஸ்டாவிஷன் முறையில் எடுக்கப்பட்ட படம். 35 மி.மீ. சுருளைக் கேமராவுக்குள் பக்கவாட்டில் ஓடவிட்டு, ஒவ்வொரு சட்டகத்துக்கும் சுருளின் ஓரத்தில் உள்ள எட்டுத் துளைகளின் நீளத்தைப் பயன்படுத்தும் முறை அது. வழக்கமானதைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு கிடைப்பதால், நன்றாக ஸ்கேன் செய்த விஸ்டாவிஷன் படம் 4கே வட்டில் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் நெகட்டிவ் ஈஸ்ட்மன்கலர் அல்லவா? 1990களில் அதன் நிலைமை மோசமாகியிருந்தது. ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் ஆகிய இருவரும் மீட்டெடுத்து 1996இல் 70 மி.மீ. பிரதியாக வெளியிட்டார்கள்.

அந்தப் படத்தில் பச்சை வண்ணம் எவ்வளவு முக்கியம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகி மேடலின் முதலில் தோன்றும்போது அணிந்திருக்கும் மேலாடை, அவள் ஓட்டும் கார், பிற்பாதியில் எம்பயர் ஓட்டலின் நியான் விளக்கு என்று பச்சை தொடர்ந்து வருகிறது. கடைசியில், மேடலினை ஒத்திருக்கும் ஜூடி தலைமுடியை மாற்றிக்கொண்டு குளியலறைக் கதவைத் திறந்து வரும்போது, நியான் வெளிச்சத்தின் பச்சை மூடுபனிக்குள்ளிருந்து அவள் மெல்ல உருப்பெறுகிறாள். அங்கே பச்சை சற்று நீலமானாலும், சற்று மஞ்சளானாலும் காட்சி கெட்டது. எந்தப் பச்சை சரியான பச்சை என்று அறிய, படத்தில் வரும் ஒரு காரைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து அந்தக் கால வண்ணப்பூச்சின் மாதிரியையே மீட்டெடுத்தவர்கள் பெற்றிருக்கிறார்கள். இந்த அளவு உழைப்புக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

எனக்கு மனக்குறை ஒலியில்தான். 1996 வடிவத்தில் காலடி, துப்பாக்கிச் சத்தம், தெரு ஓசை ஆகியவற்றைப் புதிதாகப் பதிவு செய்து ஸ்டீரியோவாக்கினார்கள். பெர்னார்ட் ஹெர்மனின் இசை ஸ்டீரியோவில் விரிந்து கேட்பது பேரின்பம். ஆனால் அந்தக் காலடிகள் 1958இன் காலடிகள் அல்ல. காது உடனே கண்டுகொள்கிறது. பின்னாளில் வந்த வட்டுகள் சிலவற்றில் பழைய மோனோ (ஒற்றை ஒலி) தடமும் சேர்க்கப்பட்டுள்ளது. வாங்குமுன் அட்டையின் பின்பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கோட்டையூரான்

வாசகி அம்மா சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். மோனோ என்றால் ஏதோ குறைபட்ட ஒலி என்று நினைக்கிறார்கள். ‘ரியர் விண்டோ’ (1954) படத்தில் பக்கத்து வீட்டு வானொலி, எதிர்வீட்டுப் பியானோ, தெருவில் போகும் குழந்தைகள் என்று எல்லா ஓசையும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்தே வருகின்றன. எது அருகில், எது தொலைவில் என்பதை அளவாலும் எதிரொலியாலும் மட்டுமே உணர்த்துகிறார்கள். அந்த முற்றம் முழுவதும் ஸ்டுடியோவுக்குள் கட்டப்பட்டது. ஆனால் ஓசையைக் கேட்கும்போது திறந்த வெளியில் நிற்பதுபோலவே இருக்கிறது.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். இயக்குநரின் விருப்பம் ஒன்று, வெளியான வடிவம் வேறொன்று என்று ஆகும்போது எதை மூலம் என்பது? ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) பற்றி ஒளிக்கற்றை ஐயா என்ன சொல்கிறார்?

ஒளிக்கற்றை

கோட்டையூரார் மிகச் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். விரிவாகவே சொல்கிறேன்.

வெல்ஸ் படத்தை முடிப்பதற்குள் யுனிவர்சல் நிறுவனம் படத்தொகுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது; சில காட்சிகளை வேறொருவரைக்கொண்டு படமாக்கிச் சேர்த்தது. அந்த வடிவத்தைப் பார்த்த வெல்ஸ், எங்கே எதை மாற்ற வேண்டும் என்று 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி அனுப்பினார். பெரும்பாலானவற்றை நிறுவனம் செவிமடுக்கவில்லை. 1958இல் வெளியானது சுமார் 96 நிமிடப் படம். 1970களின் நடுவில், அதைவிடப் பன்னிரண்டு நிமிடம் அளவுக்கு நீளமான, வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகத் திரையிட்ட ஒரு பிரதி கிடைத்தது. 1998இல் ரிக் ஷ்மிட்லின் தயாரிப்பில், படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்த 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றிப் படத்தை மறுபடியும் தொகுத்தார். ஆக இன்று நம்மிடம் இருப்பவை மூன்று வடிவங்கள். அவற்றில் ஒன்றுகூட வெல்ஸ் தன் கையால் முடித்துக் கொடுத்தது அல்ல.

புகழ்பெற்ற அந்தத் தொடக்கக் காட்சியை மட்டும் ஒப்பிடுகிறேன். வெடிகுண்டை ஒருவன் காரின் பின்பெட்டியில் வைக்கிறான், கார் கிளம்புகிறது, கேமரா ஒரே ஓட்டத்தில் கட்டடங்களுக்கு மேலே ஏறி, தெருவுக்கு இறங்கி, எல்லைச் சாவடி வரை மூன்று நிமிடத்துக்கும் மேலாகத் தொடர்கிறது. 1958 வடிவத்தில் அதன்மேல் பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. ஹென்றி மான்சினியின் இசை ஒலிக்கிறது. 1998 வடிவத்தில் எழுத்துகள் இல்லை. கார் வானொலியின் பாட்டும் மதுக்கடைகளிலிருந்து கசியும் வெவ்வேறு இசையும், கேமரா நகர நகர மாறி மாறிக் கேட்கின்றன. கார் நெருங்கும்போது அதன் வானொலிப் பாட்டு வலுக்கிறது, விலகும்போது தேய்கிறது. குண்டு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காதாலேயே அறிகிறோம். வெல்ஸ் குறிப்பில் கேட்டது இதைத்தான்.

ஆயினும் மான்சினியின் இசையுடன் கூடிய தொடக்கத்தை நான் ஒதுக்க மாட்டேன். அந்தத் தாளத்துக்கென்று ஒரு பதற்றம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் உலகம் பார்த்துப் போற்றியதும் அதைத்தான். 2011இல் பிரிட்டனில் வந்த புளூ-ரே பதிப்பு மூன்று வடிவங்களையும் கொடுத்தது, விகிதத்திலும் 1.37, 1.85 என்று தேர்ந்துகொள்ளும் வசதி வைத்தது. எது மூலம் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லாமல் சான்றுகள் அனைத்தையும் பார்வையாளர்முன் வைக்கும் பதிப்பே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘ஷேன்’ விஷயத்திலும், கோட்டையூரார் சொல்வதுபோல் அந்த 2013 பதிப்பில் 1.66 வடிவமும் கூடவே இருந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், என் வாக்கு 1.37க்கே.

தென்கரை நண்பன்

இந்த இழையை வாசித்துக்கொண்டே வருகிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி. அண்மையில் ஒரு விற்பனைத் தளத்தில் வாங்கிய புளூ-ரே வட்டு என் கருவியில் ஓடவில்லை. மண்டலக் குறியீடு பொருந்தவில்லை என்று திரையில் செய்தி வந்தது. வட்டை எப்படிப் பார்த்து வாங்குவது? தொலைக்காட்சியில் என்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாயப்பதிவு

தம்பி, புளூ-ரே வட்டுகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. பழைய ஹாலிவுட் படங்களின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியாகின்றன. அவற்றில் மண்டலப் பூட்டு இருந்தால் இங்கே வாங்கிய சாதாரணக் கருவியில் ஓடாது. ஒன்று, எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவியை வாங்க வேண்டும். அல்லது பூட்டு இல்லாத வட்டாகத் தேட வேண்டும். 4கே யு.எச்.டி. வட்டுகளில் மண்டலப் பூட்டே கிடையாது. ஆனால் அதே பெட்டிக்குள் உடன்வரும் புளூ-ரே வட்டில் இருக்கலாம், கவனம்.

தொலைக்காட்சியில் முதலில் செய்ய வேண்டியது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. படம் நொடிக்கு 24 சட்டகம். அந்த வசதி, படத்தில் இல்லாத சட்டகங்களைத் தானாக உருவாக்கி இடையில் செருகுகிறது. விளைவாக 1955ஆம் ஆண்டுப் படம் நேற்று ஸ்டுடியோவில் எடுத்த நாடகத் தொடர்போல ஆகிவிடும். புதிய பெட்டிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் இத்தகைய கூடுதல் வேலைகள் எல்லாம் நின்றுவிடும். கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் குறைத்துவிடுங்கள். வெளிச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். அரங்கில் திரையின் வெளிச்சம் சுமார் 50 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) அளவுதான். அதற்கேற்ற இருட்டறையில் பார்ப்பதற்காகவே இந்தப் படங்களின் நிழல்கள் அமைக்கப்பட்டன. அறை விளக்கை அணைப்பது செலவில்லாத பெரிய முன்னேற்றம்.

கோட்டையூரான்

சாயப்பதிவு ஐயாவின் பட்டியலில் படலத் துகளையும் சேர்க்க வேண்டும். பழைய படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் துகளை அழுக்கு என்று நினைத்து, மென்பொருளால் துடைத்துவிட்ட வட்டுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. துகளோடு முகத்தின் சுருக்கமும் துணியின் நெசவும் சேர்ந்தே போய்விடும். மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடுவார்கள் நடிகர்கள்.

ஃப்ரெட் ஸினிமன் இயக்கிய ‘ஹை நூன்’ (1952) இதைப் புரிந்துகொள்ள ஏற்ற படம். ஸினிமனும் ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பியும், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மாத்யூ பிரேடி எடுத்த புகைப்படங்களின் தோற்றத்தை விரும்பினார்கள். வடிகட்டி போட்டு வானத்தைக் கருமையாக்கி மேகங்களை அழகுபடுத்தும் அன்றைய வழக்கத்தை விட்டு, வானத்தை வெள்ளையாக வெறிக்கவிட்டார்கள். கேரி கூப்பரின் முகத்தில் ஒப்பனையால் மறைக்காத சோர்வு தெரிகிறது. உதவி கேட்டு வீடு வீடாகப் போய்த் திரும்பும் அந்த மனிதனின் முகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டால், அப்புறம் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? துகளை அப்படியே விட்டுவைத்த பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

ஈரோட்டு வாசகி

முகம் என்றதும், டக்ளஸ் சர்க்கின் ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ (1955) பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டிதான் இதற்கும் ஒளிப்பதிவு. கணவனை இழந்த கேரி என்ற நடுவயதுப் பெண்ணாக ஜேன் வைமன் நடிக்கிறார். தன்னைவிட இளையவனும், தோட்ட வேலை செய்பவனுமான ஒருவனை அவள் விரும்புகிறாள். ஊர் வாயும் வளர்ந்த பிள்ளைகளின் எதிர்ப்பும் தாங்காமல் அந்த உறவைக் கைவிடுகிறாள். கிறிஸ்துமஸ் வந்ததும் பிள்ளைகள் அவளுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். தனிமைக்கு இனி இதுவே துணை என்பதுபோல் விற்பனையாளர் பேசிக்கொண்டே இருக்க, கேமரா பெட்டியை நோக்கி மெல்ல நகர்கிறது. அணைந்து கிடக்கும் அதன் கண்ணாடியில் கேரியின் முகம் பிரதிபலிக்கிறது. சட்டகத்துக்குள் இன்னொரு சட்டகமாக, அந்தப் பெட்டிக்குள் அவள் அடைபட்டிருக்கிறாள்.

இந்தப் படத்தை முதலில் தேய்ந்துபோன ஒரு நாடாவில்தான் பார்த்தேன். அந்தக் காட்சியில் கண்ணாடிக்குள் தெரிவது மங்கலான ஒரு வெளிர்நிறத் திட்டு மட்டுமே. அவள் அழுகிறாளா, வெறித்துப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. நல்ல வட்டில் பார்க்கும்போது அவள் கண்களின் நிலை தெளிவாகத் தெரிகிறது. அழவில்லை, ஒடுங்கிப்போயிருக்கிறாள். பெட்டியைச் சுற்றிலும் சிவப்பு நாடா கட்டியிருப்பதும், அறையின் கதகதப்பான வெளிச்சத்துக்குள் அவள் முகத்தில் மட்டும் குளிர்ந்த ஒளி விழுவதும் தெரிய வருகின்றன. சர்க் படங்களில் வண்ணம் அலங்காரத்துக்காக வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பனியின் நீலம், உள்ளே விளக்கின் ஆரஞ்சு என்று ஒரே அறைக்குள் இரண்டு உலகங்களை மோதவிடுவார். வண்ணம் மங்கிய பிரதியில் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வெறும் குடும்பக் கண்ணீர்க் கதை என்றுதான் நினைத்திருப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல.

தென்கரை நண்பன்

வாசகி அக்கா, இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்கிறேன். சாயப்பதிவு ஐயாவுக்கும் நன்றி. மண்டலப் பூட்டு இல்லாத வட்டுகளையே இனித் தேடுவேன். வெட்டுப்பட்டுக் காணாமற்போன காட்சிகள் திரும்பச் சேர்க்கப்பட்ட படங்கள் வேறு உண்டா?

ஒளிக்கற்றை

உண்டு. ராபர்ட் ஆல்ட்ரிச்சின் ‘கிஸ் மி டெட்லி’ (1955) படத்தின் கடைசி ஒரு நிமிடம் அளவிலான பகுதி பல பத்தாண்டுகள் காணாமற்போயிருந்தது. கடற்கரை வீடு வெடித்து எரிவதுடன் படம் சட்டென்று முடிந்துவிடும். கதாநாயகனும் அவன் உதவியாளர் வெல்டாவும் உள்ளேயே மாண்டார்கள் என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். விமர்சகர்கள் அந்த முடிவை வைத்து எவ்வளவோ எழுதினார்கள். 1990களில் மூல முடிவு கண்டெடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டது. இருவரும் தள்ளாடி வெளியேறி அலைக்குள் இறங்குவதை அதில் பார்க்கலாம். 2011இல் கிரைடீரியன் என்ற அமெரிக்க வட்டு நிறுவனம் வெளியிட்ட பதிப்பு மூல முடிவைப் படத்திலும், சுருக்கப்பட்ட முடிவைத் தனியாகவும் வைத்திருக்கிறது.

ஜார்ஜ் கியூகரின் ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ (1954) கதை இன்னும் துயரமானது. 181 நிமிடப் படத்தை வெளியான பிறகு ஸ்டுடியோ 154 நிமிடமாக வெட்டியது. 1983இல் ரொனால்ட் ஹேவர் கிடைத்தவரை தேடிச் சேர்த்து 176 நிமிடமாக்கினார். சில இடங்களுக்கு ஒலித்தடம் மட்டுமே கிடைத்தது. அங்கே படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்களை வைத்து நிரப்பியிருக்கிறார். அசையாத படங்களின்மேல் ஜூடி கார்லண்டின் குரல் ஒலிக்கும் அந்தப் பகுதிகள் சிலருக்கு இடறலாம். எனக்கு அவை நேர்மையாகப் படுகின்றன. இல்லாததை இருப்பதுபோல் ஒட்டுப்போடாமல், இழந்தது எவ்வளவு என்பதைப் படமே காட்டிவிடுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், எலியா கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ (1954) படத்தின் 2013 கிரைடீரியன் புளூ-ரேயைச் சொல்வேன். அதில் 1.66, 1.85, 1.33 ஆகிய மூன்று விகிதங்களிலும் படம் இருக்கிறது. விகிதங்களைப் பற்றிய ஒரு சிறு விளக்கப்படமும் உண்டு. மார்லன் பிராண்டோவும் ராட் ஸ்டைகரும் வாடகைக் காரின் பின்னிருக்கையில் பேசும் காட்சியை மூன்றிலும் பாருங்கள்.

கோட்டையூரான்

அந்தப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தக் காட்சியை மட்டும் மூன்று விகிதத்திலும் போட்டுப் பார்த்தேன். காரின் பின்கண்ணாடிக்கு வெளியே தெருவைக் காட்டும் ஏற்பாடு இல்லாததால், அதை மறைக்க ஒரு ஜன்னல் திரையைத் தொங்கவிட்டுப் படம்பிடித்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. 1.33இல் தலைக்கு மேல் கூடுதல் இடம் கிடைக்கிறது. காரின் உட்புறம் சற்றுத் தாராளமாகி, அண்ணன் தம்பி இருவருக்கும் மூச்சுவிட இடம் கிடைத்ததுபோல் இருக்கிறது. 1.85இல் இருவரின் முகங்களும் நெருக்கித் தள்ளப்படுகின்றன. 1.66இல் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனின் அமைப்பு எங்கும் இடிக்காமல் அமைகிறது. தம்பியின் நெஞ்சுக்கு நேராக அண்ணன் துப்பாக்கியைப் பிடிக்க, பிராண்டோ அதை மெல்லக் கையால் ஒதுக்குகிறாரே, அந்தக் கையும் முகமும் ஒருசேரக் கண்ணில் படுவதற்கு எனக்கு அந்த விகிதமே பொருத்தமாகத் தோன்றியது. ‘ஷேன்’ பற்றிய என் வாதத்தை நான் விட்டுவிடவில்லை, ஆனால் அதன் 1.66 வடிவத்தை நான் இன்னும் பார்க்காததால் ஒப்பிட்டுப் பேச வழியில்லை. பார்த்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.